கத்தி ஓடும் கோடு

வாஷிங்டன் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில், மெடிக்கல் சென்டர் நிலையத்தில் இறங்கினேன். நெடிய நகரும் படிக்கட்டில் மேலே வந்தால் பெதஸ்டா. எதிரே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வளாகம். அங்கே 10ஆம் எண் கட்டடம், 1953இல் திறந்த ஆய்வு மருத்துவமனை. இங்கு வரும் நோயாளிகள் எல்லோரும் ஏதாவது ஓர் ஆய்வில் பங்கேற்பவர்கள். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

என் பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட்டில் இரண்டு முறை பயாப்சி எடுத்தார்கள். இரண்டு முறையும் ஊசி புற்றின் பக்கமே போகவில்லை. மூன்றாவது முறைதான் அகப்பட்டது. அதை நினைத்துக்கொண்டுதான் உள்ளே நடந்தேன்.

திரையில் ஒரு புரோஸ்டேட்டின் எம்.ஆர்.ஐ. படம். சுரப்பியின் வெளிப்பகுதி வெளிறியிருக்க, ஓரிடம் மட்டும் கருத்துத் தெரிந்தது. புற்றாக இருக்கலாம். ஆனால் அழற்சியும் இப்படிக் கருக்கும், பயாப்சிக்குப் பின் கசிந்த ரத்தமும் கருக்கும். எது எது என்று சொல்லக்கூடியது திசு மட்டுமே.

அந்தத் திசுவைப் படத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். அறுவையில் வெளியே எடுத்த சுரப்பி, உடலுக்குள் இருந்த வடிவில் நிற்பதில்லை. ஃபார்மலினில் போட்டால் இன்னும் சுருங்குகிறது. வெட்டுகிறவரின் கத்தி சற்றே சாய்ந்தால் போதும், ஸ்கேன் காட்டிய தளம் வேறு, கண்ணாடி ஸ்லைடில் ஏறும் தளம் வேறு.

இதற்கு இங்குள்ள ஆய்வாளர்கள் கண்ட வழி 2009இல் வெளியானது. அறுவைக்கு முந்தைய ஸ்கேனிலிருந்து சுரப்பியின் விளிம்பை வரைந்து, த்ரீ-டி பிரிண்டரில் ஒரு பிளாஸ்டிக் அச்சு செய்துகொள்கிறார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மனிதரின் சுரப்பி, குழிவாக. இன்னொருவருக்கு அது பொருந்தாது. குறுக்கே வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொன்றும் ஸ்கேனின் ஒரு தளத்துக்கு நேராக. கத்திக்கு இனி அந்தக் கோடுகளை விட்டால் வேறு வழியில்லை. ஒரு பெட்டியால் இவ்வளவு தீர்ந்துவிடுகிறதே என்று வியந்தேன்.

இடம் வலம் குழம்பாதிருக்க, வெட்டும் முன்பே சுரப்பியின் மேற்பரப்பில் வெவ்வேறு நிற மை பூசிவிடுகிறார்கள். வெட்டிய வில்லைகள் மெழுகில் உறைந்து, சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறி வருகின்றன. வில்லையைத் துண்டாக்காமல் முழுசாகவே ஒரு பெரிய ஸ்லைடில் வைத்தால் ஒப்பிடுவது எளிது.

பதாலஜி மருத்துவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, பேனாவால் ஸ்லைடின் மேலேயே புற்றைச் சுற்றி வரைந்தார். சுரப்பிக் குழல்கள் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பதைக் கொண்டு கிளீசன் மதிப்பெண் போடுகிறார்கள். 1960களில் டொனால்ட் கிளீசன் வகுத்த முறை, திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

பிறகு ஸ்கேனையும் ஸ்லைடையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். சிறுநீர்க்குழாய் சிறுநீர்க்குழாயோடு, புற்றல்லாத ஒரு முடிச்சு அதே முடிச்சோடு வந்து அமர்ந்தது. ஸ்கேனின் கருப்புக்கு மேல் பேனாக்கோடு. கருப்பைத் தாண்டியும் கோடு போயிருந்தது, எம்.ஆர்.ஐ. புற்றின் அளவைக் குறைத்துக் காட்டுவது வழக்கமான செய்திதான் என்றார்கள். எனக்கு அது வழக்கமாகத் தெரியவில்லை.

எதிர்ப்புறத்தில், பயறளவில் இன்னொரு பேனா வட்டம். அதற்கு நேரே ஸ்கேனில் பார்த்தேன். வெளிறிய திசுவைத் தவிர ஒன்றுமில்லை.