துள்ளக் கூடாத முள்

மதுரையில் வேலை பார்த்த காலம். 1984 என்று நினைவு. ஹாம் ரேடியோ லைசென்ஸ் கிடைத்த புதிது. பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு 807 வால்வுகளை வைத்து, 40 மீட்டர் பேண்டுக்கு ஒரு லீனியர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். பிளேட்டுக்கு 750 வோல்ட், கிரிட்டுக்கு மைனஸ் 35 வோல்ட். கிரிட் கரண்டைக் காட்ட ஒரு மில்லியம்மீட்டர். மைக்கில் பேசப் பேச அதன் முள் துள்ளும். அதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் ஹாம் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தம்பி, கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

பேசினேன். முள் துள்ளியது.

"இது துள்ளவே கூடாதே!"

பொறுமையாக விளக்கினார். கிரிட் மைனஸாக இருக்கும்வரை எலெக்ட்ரான்கள் அதைத் தாண்டி பிளேட்டுக்குப் போய்விடும். நாம் கத்திப் பேசினால், உச்சத்தில் கிரிட் பிளஸ்ஸாகி, எலெக்ட்ரான்களைத் தானே இழுத்துக்கொள்ளும். அதுதான் கிரிட் கரண்ட். அந்தச் சுமையை முந்தைய ஸ்டேஜ் தாங்காது. அலையின் தலை மொட்டையாகும். உள்ளே போன வடிவம் வெளியே வராது. அப்புறம் அது லீனியரே இல்லை. மொட்டையான அலை பக்கத்து அலைவரிசைகளிலும் சிதறும்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "உங்களுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, காலையில ஒரு பெரியவர் பேசுவார். பக்கவாதம் வந்து படுக்கையில இருக்கார். சின்ன செட்டு, 5 வாட்தான். மூணு வாரமா இங்க யாருக்கும் அவர் குரல் கேக்கல."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. முள் அசையாமல் நிற்கும்வரை டிரைவைக் குறைத்தேன். சக்தி பாதியாகிவிடுமே என்றேன். "பாதியானா எதிர்முனையில எஸ் மீட்டர் அரைப் புள்ளி இறங்கும். அவ்வளவுதான்," என்றார்.

மறுநாள் காலை நான் பேசவில்லை. அந்த அலைவரிசையில் காது கொடுத்தேன். ராத்திரி மழை, தூக்கமே வரவில்லை என்றார் பெரியவர். மெல்லிய குரல். மூன்று பேர் பதில் சொன்னார்கள்.

நானும் மைக்கை எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கம் தடுத்தது. நாற்பது வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன்.