தேங்காய் விழுந்தால் எத்தனை டன்?

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நடப்பவர்கள் அவ்வப்போது அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். 15 மீட்டர் உயரத்திலிருந்து ஒன்றரைக் கிலோ நெற்று தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்ஜினியரிங் மாணவருக்கு மட்டும்தான் அதைச் சொல்ல ஒரு ஸாஃப்ட்வேர் தேவைப்படுகிறது :-)

சரி, விஷயம் இதுதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே மோதல் சிமுலேஷன் என்று ஆகிவிட்டது. பொருளை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு போட்டு, நேரத்தைத் துளித்துளியாக நகர்த்துவதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. கடைசியில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வரும். வைவாவில் படத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள். அது சரியா என்று கேட்டால்தான் சிக்கல்.

முதலில் தேங்காயையே எடுத்துக்கொள்ளலாம். பேனாவும் பேப்பரும் போதும். காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 17.2 மீட்டர், அதாவது மணிக்கு 62 கி.மீ. ஆற்றல் 221 ஜூல். விசை எவ்வளவு? அது எவ்வளவு தூரத்துக்குள் தேங்காய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வைக்கோல் போரில் அரை மீட்டர் புதைந்து நின்றால் சராசரி விசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். சிமெண்ட் களத்தில் 1 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் இரண்டேகால் டன்! அதே தேங்காய், அதே மரம்.

கார் மோதலும் இதே கணக்குதான். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில் முன்பக்க மோதல் சோதனையின் வேகம் 64 கி.மீ. கிட்டத்தட்ட நம்ம ஊர்த் தேங்காயின் வேகம். 1,200 கிலோ கார் என்றால் ஆற்றல் சுமார் 190 கிலோஜூல். மொத்தம் 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 27 மடங்கு வேகக்குறைவு. எல்லாம் முடிய 0.07 விநாடிதான். கம்ப்யூட்டர் 0.7 விநாடி என்றோ 270 மடங்கு என்றோ சொன்னால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பக்கூடாது.

பெரும்பாலும் குற்றவாளி அலகுதான். டன்–மில்லிமீட்டர்–விநாடி முறையில் எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹. கிலோ–மில்லிமீட்டர் முறையில் 7.85×10⁻⁶. இரண்டையும் மாற்றிப் போட்டால் கார் ஆயிரம் மடங்கு கனமாகிவிடும். ஸாஃப்ட்வேர் முணுமுணுக்காது, சமர்த்தாக ஓடும். அதனால் ஓடவிடும் முன் மொத்த எடையையும், ஆரம்ப இயக்க ஆற்றலையும் கையால் போட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது நேரப் படி. எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். 5 மி.மீ. எலிமென்ட்டைக் கடக்க அதற்கு 1 மைக்ரோவிநாடி. ஸாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும் படியும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதைப் பெரிதாக்கினால், அந்தக் கணக்கு நிலையாக ஓடுவதற்காக மாடலில் பொய்யான எடை சேர்க்கப்படும். ஹவர்கிளாஸ் ஆற்றலும் இப்படித்தான்: எலிமென்ட்கள் எதிர்ப்பே இல்லாமல் கோணல்மாணலாக நெளிவதைத் தடுக்கச் செலவாகும் செயற்கை ஆற்றல் அது. உள் ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் முடிவைச் சந்தேகிக்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் மார்க் விஷயமா? 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது மூழ்கியது. அது மோதல் இல்லை, தண்ணீரின் அழுத்தம்தான். ஆனால் வியாதி ஒன்றே. சரியில்லாத மெஷ் காரணமாக ஃபைனைட் எலிமென்ட் கணக்கு வெட்டுவிசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. சுவர் அதற்கேற்ப மெலிதாகிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. கைக்கணக்கும் வேதவாக்கு அல்ல. பாடப்புத்தகத்தில் உத்திரத்தின் மேல் எடை விழுவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறதே, அது விழும் பொருள் நசுங்கவே நசுங்காது, உத்திரம் நிரந்தரமாக வளையாது என்று எண்ணிக்கொள்கிறது. தேங்காய்க்கோ மட்டை இருக்கிறது, நார் இருக்கிறது. அங்கே சூத்திரம் விசையை ஏகத்துக்கும் கூட்டிச் சொல்லும். கம்ப்யூட்டர் குறைவாகச் சொன்னால் அது சரியாகவும் இருக்கலாம்.

ஆக, இரண்டு எண்களும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியதில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வரி எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் கைக்கணக்கை முதலிலேயே போட்டு வைத்துவிட வேண்டும். விடையைப் பார்த்துவிட்டுப் போட்டால், பேனா தானாகவே அந்த விடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்!