மேக்ரோ லென்ஸும் அம்மாவின் செட்டு முண்டும்

டிஸ்கி: கேமரா கேட்லாக்கை மனப்பாடம் செய்தவர்களுக்கு இதில் புதுசா ஒன்னும் இல்லை. நடுநடுவே கொசுவத்தி வேற சுத்தும். பொறுத்துக்கொள்ளவும்.

போன ஓணத்துக்கு இங்கே மஸ்கட்டில் ஒரு கடையில் தங்கமணிக்கு செட்டு முண்டு வாங்கினேன். அட்டையில் 'பாலராமபுரம் கைத்தறி' என்று பெரிசா போட்டிருந்தது. விலையும் பெரிசுதான். வீட்டுக்கு வந்து பிரித்ததும் தங்கமணி கரையை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "ஏங்க, இது நிஜமாவே உங்க ஊர்த் துணிதானா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. நான் பிறந்தது பாலராமபுரம் சாலியர் தெருவில். தாத்தாவுக்குத் தறி, சித்தப்பாவுக்குத் தறி. அப்பா மட்டும் தறியை விட்டு வேறு வேலைக்குப் போனார். நான் பி.காம். படித்து பேங்குக்கு வந்துவிட்டேன். லெட்ஜரில் ஒரு பைசா உதைத்தால் கண்டுபிடிப்பேன், தாத்தா தொழிலில் போலி எது என்று தெரியவில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று வரும் ரோட்டில் இருக்கிறது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், வள்ளியூர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலியக் குடும்பங்களை அழைத்துவந்து குடிவைத்தார்கள். ஏழு குடும்பம் என்பது எங்கள் தெருவில் சொல்லும் கணக்கு. ஊருக்குப் பேரும் அந்த மகாராஜா பேர்தான். இருநூறு வருஷத்துக்கு மேல் கேரளாவில் இருந்தும் வீட்டுக்குள் இன்னும் தமிழ்தான், மலையாளம் ஊறிய தமிழ். 2009ல் இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்தாலும் கண்ட துணிக்கு அந்தப் பேரை ஒட்டுவது நிற்கவில்லை.

சரி, இழையைப் பெரிசாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றியது. கையில் ஒரு 24 மெகாபிக்சல் நிக்கான், கூடவே வந்த 18-55 லென்ஸ். மகள், "போன்லயே மேக்ரோ இருக்கே" என்றாள். போனைத் துணிக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோனால் போனின் நிழலே விழுகிறது. போதாக்குறைக்கு மென்பொருள் இழையைத் தீட்டித் தீட்டிச் செயற்கையாக்கிவிடுகிறது. போலியைக் கண்டுபிடிக்கப் போய் போலிப் படமா?

பேங்கில் கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் மேற்கொண்டு ஒரு வரி படிக்கமாட்டேன். லென்ஸ் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நேராக 100 மி.மீ. மேக்ரோ விலையைப் பார்த்து மூர்ச்சையானேன் :-)

அப்புறம் மலிவு வைத்தியங்கள். க்ளோஸ்-அப் ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மூக்குக்கண்ணாடி. +4 பவர் என்றால் கால் மீட்டரில் ஃபோகஸ் ஆகும். வாங்கினேன். நடு நன்றாக இருந்தது. ஓரத்தில் இழையெல்லாம் குழைந்து, வெள்ளை நூலுக்கு ஊதாக் கரை போட்டுவிட்டது. ஒற்றைக் கண்ணாடிச் சில்லில் அவ்வளவுதான் வரும். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம் அதைவிட மலிவு. ஆனால் இப்போதைய லென்ஸில் அப்பெர்ச்சர் வளையம் கிடையாது. திருப்பி மாட்டினால் துவாரம் சுருங்கியே நிற்கும், பின்னாலிருக்கும் குட்டி நெம்புகோலை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மூணாவது கை எனக்கு இல்லை. எக்ஸ்டென்ஷன் ட்யூப் பரவாயில்லை. உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் போட்டால் பாதி அளவு, 50 போட்டால் முழு அளவு. கணக்கு சுத்தம். ஆனால் சாதாரண லென்ஸை அவ்வளவு கிட்டத்தில் தட்டையான துணியில் காட்டினால் நடுவும் ஓரமும் ஒன்றாகத் தெளிவதில்லை.

அங்கேதான் 'நோக்கம்' கட்டத்துக்குத் திரும்பினேன். 90, 100 மி.மீ. மேக்ரோவுக்கு ஏன் அந்த விலை? பூச்சி பறந்துவிடாமல் தள்ளி நின்று எடுக்க. முண்டு பறக்காது. எனக்கு வேண்டியது தூரம் இல்லை, ஓரம் வரைக்கும் தட்டையாகத் தெளிவது. அதற்கு 50, 60 மி.மீ. மேக்ரோ போதும். முழு அளவு வேண்டுமா? அதையும் போட்டுப் பார்த்தேன். கடைத் துணியில் ஓர் அங்குலத்துக்கு எண்பது சொச்சம் இழை, மில்லிமீட்டருக்கு மூணு. என் கேமராவில் பாதி அளவில் எடுத்தால் மில்லிமீட்டருக்கு 125 பிக்சலுக்கு மேல் வரும். ஓர் இழைக்கு நாற்பது பிக்சல். தாராளம்.

ஆக, கைமாறிய பழைய 55 மி.மீ. மைக்ரோ நிக்கார், மேனுவல் ஃபோகஸ். (நிக்கான்காரர்கள் மேக்ரோவை மைக்ரோ என்பார்கள்.) தனியாகவே பாதி அளவு போகும். ஊருக்குத் திரும்பும் ஒரு பிலிப்பைன்ஸ் நண்பர், புது 100 மி.மீ. விலையில் கால்பங்குக்கும் குறைவாகத் தந்தார். என் மாதிரி ஆரம்பநிலை பாடியில் இதைப் போட்டால் மீட்டர் வேலை செய்யாது. நாலு படம் எடுத்து வெளிச்சத்தைத் தோராயமாகப் பிடிக்க வேண்டியதுதான். பழசு வாங்குகிறவர்கள் அப்பெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேமரா பாடி வருஷாவருஷம் தேய்மானம். நல்ல லென்ஸுக்கு அவ்வளவு தேய்மானம் இல்லை.

லீவில் ஊருக்குப் போனபோது கடை முண்டையும் கொண்டுபோனேன். அம்மாவின் பெட்டியிலிருந்து சித்தப்பா 1989 ஓணத்துக்கு நெய்து கொடுத்த செட்டு முண்டு வெளியே வந்தது. இரண்டையும் ஜன்னலோரம் விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ட்ரைபாடு வைத்து எடுத்தேன். ஃப்ளாஷ் வேண்டாம், கசவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். பக்கத்து வீட்டுக் குழித்தறியில் அடி விழும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. அடி நிற்கிற நேரம் பார்த்து, ரெண்டு செகண்ட் டைமர் போட்டு எடுத்தேன்.

டி.வி.யில் கேபிள் மாட்டிப் போட்டுக் காட்டினேன். சித்தப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை. தறியில் உட்கார்ந்து மூணு வருஷம் ஆகிறது. கடைத் துணியின் கசவு, மினுங்கும் ப்ளாஸ்டிக் நாடா. அம்மாவுடையதில் மஞ்சள் பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, மேலே பொன் முலாம். தேய்ந்த இடத்தில் பட்டு எட்டிப் பார்த்தது. கசவு தீர்ந்தது. நெசவுக்கு நான் ஓரத்து ஊசித்துளைகளைக் காட்டினேன்.

"அதை நம்பாதே மக்கா. பவர்லூம்லயும் வரும். ஊடையைப் பாரு."

பார்த்தேன். கடைத் துணியில் ஊடை ஒரே சீர். அம்மாவுடையதில் ஒரு விரல் அகலம் நெருக்கம், அடுத்தது ஒரு பொடி இளக்கம். கை அடித்த அடி.

இன்னும் நாலைந்து படம் தள்ளினேன். "நில்லு" என்றார். நாற்காலியை இழுத்து டி.வி.க்கு முன்னால் போட்டுக்கொண்டார். பாவு இழையில் அறுந்து ஒட்டிய ஒரு முடிச்சு. நான் அழுக்கு என்று நினைத்து அழிக்க இருந்த படம்.

"வால் எந்தப் பக்கம் போகுது?"

"இடது பக்கம் சித்தப்பா."

"நான் போட்டா வலது பக்கம்லா போகும். இது உங்க சித்தி. அவளுக்கு இடக்கை."

சித்தி 2016ல் போய்விட்டார். சித்தப்பா நெய்த துணிக்கெல்லாம் அறுந்த இழை சேர்த்தது அவர்தான். அது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

"இன்னும் பெரிசா ஆகுமாடே?" என்று கேட்டார். முழு அளவுக்கு அந்த லென்ஸுக்கென்றே 27.5 மி.மீ. குழாய் ஒன்று உண்டு, பேர் பி.கே.-13. அன்றைக்கு என் கணக்கில் அது தேவையில்லை என்று வாங்காமல் வந்திருந்தேன். இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.