21 நாளில் வந்துவிடும்

மார்ச் மாதம் முதல் வாரம் நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தனும் சேர்ந்து பாய் கட்டிய கயாக் ஒன்றை ஆர்டர் செய்தோம். போனில் பேசியவர் ரொம்பத் தெளிவாகச் சொன்னார்: "21 நாள்ல வந்துடும் சார்." இதை எழுதுவது மே மாதக் கடைசியில். இன்னும் வரவில்லை.

அந்தக் கம்பெனியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் ஏப்ரலிலேயே திட்டி முடித்துவிட்டோம். சொல்ல வந்தது வேறு விஷயம்.

முதலில் கயாக் பற்றி. நாங்கள் வாங்கியது 12 அடி நீளம், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மாடல். நடுவில் ஒரு சின்னப் பாய்மரம், முக்கோணப் பாய், கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மிதவை, பக்கவாட்டில் தண்ணிக்குள் இறக்குகிற ஒரு பலகை. காற்று இருந்தால் பாயை விரிக்கலாம், இல்லையென்றால் துடுப்பு. இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. போன வருஷம் முட்டுக்காடு படகு இல்லத்தில் பெடல் போட்டைச் சுற்றிச் சுற்றி மிதித்துக் கால் வலித்து நின்றபோது, தூரத்தில் ஒருத்தர் இப்படி ஒன்றில் சத்தமே இல்லாமல் போனார். கையைக்கூட அசைக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் ஆளுக்குப் பாதி போட்டோம். அதிலிருந்து அவனை நான் 'பங்காளி' என்றுதான் கூப்பிடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "உனக்கு நீச்சல் தெரியாதேடா?"

"லைஃப் ஜாக்கெட் இருக்கும்மா."

அம்மா பதில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எங்கள் பிளான் இதுதான்: மார்ச் கடைசியில் டெலிவரி. ஏப்ரல் முதல் ஞாயிறு, கோவளம் பீச், காலை 6 மணி. வெயில் இருக்காது, கூட்டம் இருக்காது, கடலும் அமைதியாக இருக்கும். பங்காளி வீடியோவுக்குப் பாட்டுக்கூட செலக்ட் பண்ணி வைத்திருந்தான்.

22வது நாள் போன் செய்தோம். "உங்க கலர் இன்னும் ஓடல சார்" என்றார்கள். கலர் எப்படி ஓடும் என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. நம் மொட்டை மாடித் தண்ணி டாங்க் செய்கிற அதே ரோட்டோமோல்டிங் முறையில்தான் கயாக்கும் செய்கிறார்கள். பாலிஎத்திலீன் பவுடரை மோல்டுக்குள் கொட்டி, மோல்டை மூடி, சூளை மாதிரி ஓவனுக்குள் இரண்டு அச்சில் மெதுவாகச் சுற்றுவார்கள். பவுடர் உருகி உள்சுவர் முழுக்க ஒரே சீராக ஒட்டும். அப்புறம் சுற்றிக்கொண்டே ஆறவிட்டால், உள்ளே வெற்றிடமாக, ஒட்டு இல்லாத ஒரே துண்டாக வெளியே வரும். நாங்கள் கேட்டது மஞ்சள். மஞ்சள் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தானாம். இன்னும் நாலு பேர் கேட்டால்தான் ஓட்டுவார்களாம். மேனுஃபேக்சரிங் பேப்பரில் 'பேட்ச் ப்ரொடக்‌ஷன்' என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதன் மறுபக்கத்தில் ஒரு கஸ்டமர் உட்கார்ந்து புலம்புவான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் ஹாஸ்டலில் ஒரு மாடல் செய்தேன். தெர்மோகோல் படகு, பேப்பர் பாய், துணி ஊறவைக்கிற பெரிய டப், எட்ட வைத்த டேபிள் ஃபேன். காற்றைப் படகின் பக்கவாட்டில் விட்டால், படகு நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நகர்ந்து போய் டப்பில் முட்டி நின்றது. ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை அடியில் செங்குத்தாகச் செருகினேன். இப்போது அதே காற்றில் படகு முன்னாடி போனது! காரணம் சிம்பிள். பாய் படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. தண்ணிக்குள் இருக்கும் பலகை அந்தப் பக்கம் போக விடாமல் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய படகுக்கு முன்னாடி போவதைத் தவிர வழியில்லை. ஈர சோப்பைக் கையில் இறுக்கினால் வழுக்கி முன்னால் பாய்கிறதே, அந்த மாதிரி. நாலு வருஷமாக ஃப்ரீ பாடி டயக்ராம் போடுகிறேன். ஒரு அம்புக்குறியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் ஃபேனுக்கு நேராக மட்டும் படகு வரவே இல்லை. பாயை எப்படித் திருப்பினாலும் அது படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, படகு பின்னால்தான் போனது. படித்துப் பார்த்தால் பெரிய பாய்ப் படகுகளுக்கும் இதே கதைதான். காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரிக்குள் போக முடியாது. எதிர்க்காற்றில் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எங்களுடையது மாதிரி சின்னப் பாய்க்கு அது இன்னும் கஷ்டம். படித்தேன், தலையாட்டினேன், அதோடு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் நடுவில் மஞ்சள் ஓடிவிட்டது. ஆனால் பாய் செட் வெளிநாட்டிலிருந்து வருவதால் கஸ்டம்ஸில் நிற்கிறதாம். இதற்கு நடுவில் இன்னொரு பிரச்சினை: 12 அடிப் பொருளை எங்கே வைப்பது? ஹாஸ்டலில் விடமாட்டார்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, படிக்கட்டில் திரும்பாது. கோவளத்தில் யாராவது மீனவர்கள் படகோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களா என்று கேட்கப் போனோம்.

அங்கே வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் கதையை முழுசாகக் கேட்டார். கயாக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கவாட்டுப் பலகையைக் காட்டி, "இது எங்க கட்டுமரத்துலயும் இருந்துச்சு" என்றார். அப்புறம் கேட்டார்: "எத்தினி மணிக்கு இறக்கப் போறீங்க?"

"காலைல 6 மணிக்கு. கடல் அமைதியா இருக்கும்ல?"

அவர் சிரிக்கவில்லை. "அதான் தம்பி ஏமாத்தும். காலைல கரையிலேர்ந்து காத்து அடிக்கும். கடலு எண்ணெ ஊத்துன மாரி இருக்கும். போவசொல்ல ஜாலியா இருக்கும். வரசொல்ல தான் தெரியும்."

இன்ஜின் வருவதற்கு முன்னாடி அவர்கள் தொழிலே அந்தக் காற்றை வைத்துத்தான் நடந்ததாம். விடிவதற்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போவது, மதியம் கடல்காற்று எழுந்ததும் அதே பாயில் திரும்புவது. ராத்திரி நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பகலில் நிலம் சூடானதும் திசை மாறும். இது எனக்கு ஸ்கூலிலேயே தெரியும். பத்தாவது தமிழ்ப் புத்தகத்தில் காற்றே பேசுகிற மாதிரி ஒரு பாடம் வேறு உண்டு. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் காற்றும் என் பிளானில் இருக்கும் 6 மணியும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று தண்ணி மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அலையைக் கிளப்பும். கரையிலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் ஓடத் தூரமே இல்லை. அதனால்தான் அங்கே கடல் மேற்பரப்பு அவ்வளவு வழவழப்பு. உள்ளே போகப் போகக் காற்றும் கூடும், அலையும் கூடும். திரும்பணும் என்று நினைக்கும்போது அதே காற்று முகத்துக்கு நேராக இருக்கும். அந்த 45 டிகிரி விஷயம் அப்போதுதான் உறைத்தது. மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று சீக்கிரம் உள்ளே வராது. சென்னையில் வெயில் கொளுத்துகிற நாட்கள் பெரும்பாலும் அவைதான். அந்த மாதிரி நாளில் மதியம் வரைக்கும் திரும்பக் காற்று கிடைக்காது.

எங்கள் பிளானில் போவதற்கு மட்டும்தான் வழி இருந்தது. பங்காளியிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கலர் மஞ்சள் கேட்டது நல்லதாப் போச்சுடா" என்றான்.

அடுத்த வாரம் மாநகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். என் பேட்ச்சில் எனக்கு அடுத்த பெரியவனுக்கு வயசு 12 இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் கால் அடிக்கும்போது, "அண்ணா, மூச்சை வெளிய விடுங்கண்ணா" என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மூன்று வாரத்தில் மூழ்காமல் குளத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக முடிந்தது. ஸ்டைல் எல்லாம் கேட்காதீர்கள்.

மே மாதம் இரண்டாவது வாரம், கயாக் சொல்லித்தருகிற ஒரு இடத்தில் உப்பங்கழியில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனோம். முதல் பாடமே கவிழ்வது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து, மறுபடி ஏறணும். கவிழ்ந்தேன். மூக்கில் உப்புத்தண்ணி. மேலே வந்ததும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தேன். அவ்வளவுதான், கண்ணைத் திறந்தால் கயாக் பத்தடி தள்ளி இருக்கிறது. நீந்தினேன். அது பதினைந்தடியில் இருந்தது. இன்னும் வேகமாக நீந்தினேன். ஆள் இல்லாத காலி கயாக்கைக் காற்று தள்ளுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அது பெரிய காற்றுகூட இல்லை, சட்டை காயப்போட்டால் லேசாக ஆடுமே, அவ்வளவுதான். பயிற்சியாளர் போய் இழுத்து வந்தார். "முகத்தை அப்புறம் தொடச்சுக்கலாம். முதல்ல போட்டைப் பிடி" என்றார்.

அந்தப் பதினைந்தடியை என்னால் மறக்க முடியவில்லை. உப்பங்கழியில் எந்தப் பக்கம் அடித்துப் போனாலும் கரை உண்டு, பக்கத்தில் ஒரு ஆள் உண்டு. கோவளத்தில் ஏப்ரல் முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு எங்களுக்கு இரண்டுமே இருந்திருக்காது. நீச்சலும் தெரிந்திருக்காது.

அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் கவிழ்ந்து கவிழ்ந்து ஏறினேன். துடுப்பை விடாமல், கயாக்கை விடாமல், வயிற்றை வைத்து மேலே வழுக்கி, திரும்பி உட்கார வேண்டும். ஏழாவது தடவை யார் உதவியும் இல்லாமல் ஏறினேன். பிளேஸ்மெண்ட் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

காத்திருந்த நாட்களில் ஹன்னஸ் லிண்டமான் என்ற ஜெர்மன் டாக்டரைப் பற்றிப் படித்தேன். 1956ல் துணியால் ஆன, மடித்து வைக்கக்கூடிய ஒரு கயாக்கில் பாய் கட்டி, தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தவர். கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்கு 72 நாள். நடுவில் கவிழ்ந்து, ஒரு ராத்திரி முழுக்கப் புயலில் கவிழ்ந்த கயாக்கைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன்னால் பல மாதம் மனசைத் தயார் பண்ணினார். 'முடியும்', 'மேற்கே போ' என்கிற மாதிரி சின்னச் சின்ன வார்த்தைகளைத் தினமும் தனக்குத்தானே சொல்லிப் பழகினார். அவரோடு எங்களை ஒப்பிடுவது ஓவர். ஆனால் 72 நாளை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய மாதங்களை மறந்துவிட்டுத்தான் நாங்கள் ஆர்டர் கொடுத்தோம். அதை ஒத்துக்கொள்ளணும்.

21 நாள் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் இழுத்தது சரியில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன தேதிக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிறு ஏதோ பண்ணுகிறது. காசு கொடுத்தால் கயாக் வந்துவிடும், கயாக் வந்தால் நமக்கு ஓட்ட வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மார்ச்சில் நான் பிகினர்கூட இல்லை. பிகினர் ஆகவே எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது.

நேற்று மெசேஜ் வந்தது: பாய் செட் கிடைத்துவிட்டது, லாரியில் ஏற்றியாச்சு. வீட்டுக்கெல்லாம் வராது, லாரி ஆபீஸ் குடோனில் நாங்கள்தான் போய் எடுத்துக்கொள்ளணும். கோவளத்துப் பெரியவருக்குப் போன் செய்தேன். இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். ஆனால் அவருக்கு ஒரு கண்டிஷன்: முதல் மாதம் உப்பங்கழி மட்டும். அப்புறம் கடல், அதுவும் கடல்காற்று எழுந்த பிறகு, அவர் கரையில் இருக்கும்போது மட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவையும் ஒரே கேள்விதான். "குளத்துல எத்தனை ரவுண்டு போற இப்போ?"

"நாலும்மா."

"எட்டு போ. அப்புறம் பாக்கலாம்."

இன்னும் நாலு ரவுண்டு பாக்கி. லாரி மெதுவாகவே வரட்டும்.