ஏலக்காய் மலையில் லெபனான் சாப்பாடு!

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் விவசாயி ஒருவர், கவாத்து முடிந்த கையோடு மனைவி, மகளுடன் போடிமெட்டு மலையேறினார். பூப்பாறை பக்கம் ஏலக்காய் வைத்திருக்கும் மைத்துனரைப் பார்த்து, அவரையும் கூட்டிக்கொண்டு மூணாறு வரை போய்வரலாம் என்பது திட்டம்.

போடிநாயக்கனூரில் இருந்து கிளம்பினால், மாந்தோப்புகளும் இலவமரங்களும் அடிவாரத்து முந்தல் வரை கூடவே வரும். அதற்குமேல் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயிலில் ஏறத் தொடங்கிய வண்டி, மேலே போடிமெட்டில் மூடுபனிக்குள் போய் நிற்கும். ஊரின் இந்தப் பக்கம் தமிழ்நாடு; அந்தப் பக்கம் கேரளா. காலையில் இந்தப் பாதையில் சுற்றுலா வண்டிகளுக்கு முன்பே ஏறிவிடுபவை, தேனி மாவட்டத்துப் பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். சோதனைச் சாவடி தாண்டினால், நிழல்மரங்களுக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேலாக ஏலச்செடிகள்.

எள்ளும் கடலையும்

மதியம், மூணாறு சாலையில் ஓர் உணவகத்தில் வண்டி நின்றது. கேரளச் சாலைகளில் இப்போது எங்கே பார்த்தாலும் ஷவர்மா, குழிமந்தி பலகைகள்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த ருசி அது. மந்தி ஏமன் நாட்டுச் சோறு. ஷவர்மா, மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் துருக்கி, லெபனான், சிரியா பக்கத்துத் தீனி.

மகள் ஷவர்மாவும், குபூஸ் ரொட்டியோடு ஹம்மூஸும் சொன்னார். வெளிர் மஞ்சளாக ஒரு விழுது வந்தது. அம்மா தொட்டு நாக்கில் வைத்தார்.

"என்னங்க, கொண்டைக்கடலையை அவிச்சு அரைச்சிருக்காங்க. எள்ளு வாசம் வருது. நம்ம எள்ளுத் துவையல்ல கடலையைச் சேர்த்த மாதிரிதான் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். வெந்த கொண்டைக்கடலை, தோல் நீக்கிய எள்ளை அரைத்த விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு - இவ்வளவுதான் ஹம்மூஸ். மேலே ஊற்றுகிற ஆலிவ் எண்ணெய் மட்டும்தான் நமக்கு வெளியூர்ச் சரக்கு. மற்றதெல்லாம் நம் காட்டில் விளைவது.

கூடவே வெள்ளையாக ஒரு சாந்து வந்தது. லெபனான் பக்கம் கோழி ஷவர்மாவுக்குப் பூண்டையும் எண்ணெயையும் எலுமிச்சைச் சாறு விட்டு அடித்துத்தான் வைப்பார்கள். நம் ஊரில் அந்த இடத்துக்கு முட்டை மயோனைஸ் வந்துவிட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குக் கேரளா 2023-லும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் தடை போட்டன. "முட்டை சேர்த்ததா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

"அந்த ஊர்ல திராட்சை இலையில அரிசியைச் சுருட்டி வேகவச்சுச் சாப்பிடுவாங்கப்பா" என்றார் மகள்.

அப்பா சிரித்துவிட்டார். "கவாத்துல நாம வண்டி வண்டியா கழிச்சுப் போடுறோமே தாயி! ஆனா நம்ம இலையைச் சாப்பிட முடியாது. அதுல அத்தனை மருந்து அடிச்சிருக்கு."

ஒரு டம்ளர் சுலைமானி

கடைசியாகச் சுலைமானி வந்தது. பால் ஊற்றாத, எலுமிச்சை பிழிந்த டீ. ஏலக்காய் மணம் தூக்கியது. அதைக் குடித்தபடியே மைத்துனர் பேச ஆரம்பித்தார்.

"இதையே சவுதியில காபியில போடுவாங்க மச்சான். லேசா வறுத்த கொட்டை, அதுல கைநிறைய ஏலக்காய். ரம்ஜானுக்கு முன்னாடி அங்க கிராக்கி கூடும். அந்தச் சந்தையில நமக்குப் போட்டி குவாத்தமாலா."

ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அது போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வரும். 2019-ல் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஆனால், விலையைத் தீர்மானிப்பதில் காயின் தோலுக்கும் பங்கு உண்டு. இலைப்பேன் சுரண்டிய காய் சொரசொரப்பாகிவிடும், விலை இறங்கும். அதற்குப் பயந்து அடிக்கடி மருந்து அடித்தால், எச்சம் காயிலேயே நிற்கும். சவுதி அரேபியா இந்திய ஏலக்காயை அப்படித் திருப்பி அனுப்பியது உண்டு.

உள்ளூரிலும் அதே கதைதான். சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தபோது, பாயசம் பழசாகியிருந்தது.

"பேன் அரிச்ச காய்க்கு விலை இல்ல. மருந்து நிக்கிற காயை வாங்க ஆள் இல்ல. நடுவுல நாங்க நிக்கிறோம்" என்றார் மைத்துனர். காய்ந்த இலை, சருகுகளை உரித்துத் தூரைச் சுத்தம் செய்வது, பூச்சியைப் பார்த்த பிறகே மருந்து எடுப்பது, அடித்ததும் உரிய நாள் கழித்துக் காய் எடுப்பது. இப்போது இவற்றைக் கடைப்பிடித்து வருகிறார். இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான ஆலோசனை கிடைக்கிறது.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"இது வீட்டுக்குன்னு மருந்து அடிக்காம விட்ட செடியில எடுத்தது அக்கா. பயப்படாமப் போடுங்க."

பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப மத்ததெல்லாம் யார் வீட்டுக்குத் தம்பி?"

தம்பி தலையைச் சொறிந்தார். மச்சான் பேசாமல் வண்டியை எடுத்தார். போடியில் இறங்கி டீ குடித்தபோது, பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மகளிடம் நீட்டினார். "இந்தப் போகத்துல இருந்து என்னைக்கு என்ன மருந்து அடிச்சோம், என்னைக்குப் பழம் வெட்டினோம்னு நீயே எழுதிட்டு வா தாயி."

போகிறவர்களுக்கு: மதுரை - போடி பாதையில் 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து மலையேறலாம். மழைக்காலத்தில் மூடுபனி சீக்கிரம் இறங்கிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்துவிடுங்கள்.