படியாள்

ஸ்பானிய மொழியில் ‘எஸ்பெரார்’ என்னும் ஒரே வினை காத்திருத்தலையும் நம்பியிருத்தலையும் குறிக்கிறது. அதை வியக்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் ‘படி’ போதும்.

மார்கழித் தேய்பிறை அட்டமியன்று மீனாட்சியும் சொக்கநாதரும் மதுரை வெளிவீதிகளில் சப்பரத்தில் உலா வருவர். அம்மன் சப்பரத்தை இழுப்பவர்கள் பெண்களே. எல்லா உயிர்க்கும் இறைவன் படியளந்ததை நினைவூட்டும் விழா அது. வழியெங்கும் அரிசி தூவப்படும். மக்கள் அதைப் பொறுக்கிச் சென்று வீட்டு அரிசிப்பானையில் இடுவர். இந்தப் படி 8 ஆழாக்கு கொண்ட முகத்தலளவை. வழக்காடுவோர் சத்தியம் செய்யும் அழகர்கோயில் பதினெட்டாம்படி வேறு. கண்மாயில் வண்டல் படிவதும், சந்தையில் விலை படிவதும், ஏடு பார்த்துப் படியெடுப்பதும் வேறு வேறு. சம்பளக்காரர்களாகிய நாம் ஆவலோடு எதிர்நோக்கும் அகவிலைப்படியிலும் பழைய தானியக் கூலி ஒளிந்திருக்கிறது. அகவிலை என்றால் தானிய விலைதானே! (இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால் எவரும் மகிழ்வதில்லை.)

ஒருமுறை எதிர்மறை வினைமுற்று நடத்துகையில் ‘உண்ணாள், உறங்காள்’ வரிசையில் ‘படியாள்’ என்று கரும்பலகையில் எழுதினோம். மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்க அப்பத்தா படியாள்தான்” என்றாள்.

“பள்ளிக்கூடம் போகலையா?”

“அதுவும்தான் ஐயா.”

படியாள் என்றால் நிலக்காரர் வீட்டில் கூலியைத் தானியமாக அளந்து வாங்கிக்கொண்டு பண்ணைவேலை செய்யும் ஆள். பெயர்ச்சொல்லான படி வேறு, வினையான படி வேறு என்று பகுபதம் பிரித்து விளக்குவது நமக்கு எளிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ‘படி’யைப் பல தலைச்சொற்களாகவே பிரித்துத் தருகிறது. அந்த அப்பத்தா வாழ்வில் அவை பிரிந்திருக்கவில்லை. விடியுமுன் களத்தில் நிற்க வேண்டியவர் பள்ளிக்குப் போவது எப்படி? எழுத்தும் எண்ணும் தெரியாதவர் அளவு குறைவதைக் கேட்பதுதான் எப்படி? கூலி கொடுக்கையில் தலைதட்டி அளந்த அதே படி, கொடுத்த கடனைத் திருப்பி வாங்குகையில் கூம்பாக நிறையுமாம். பேத்தி சொன்னாள்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தது. ரேஷன் அரிசியும் கிலோக் கணக்கில்தான் வீடு வருகிறது. அப்பத்தா மட்டும் அதை மறுபடியும் படியால் அளந்தே உலையில் இடுகிறாராம், தலைதட்டாமல்.