மைனஸ் நாலு வாட் வெயில்

திங்கள்

ஒட்டப்பிடாரம் தாண்டி, கரிசல் காட்டுக்குள் இருக்கும் சோலார் பிளான்ட். வானிலைக் கம்பத்தில் இருக்கும் டேட்டாலாகர் அளப்பதை எல்லாம் கட்டுப்பாட்டு அறையின் ஸ்காடா திரைக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் வேலை. இதுவரை லாகர் தனி, ஸ்காடா தனி. காலையில் ஒருவர் லாகர் கம்ப்யூட்டரிலிருந்து முந்தின நாள் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து எக்செலில் ஒட்டுவார். அதுதான் இவர்களுக்கு வெயில் கணக்கு.

அந்தக் கணக்கு இனிப் போதாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, சூரியசக்தி, காற்றாலை நிலையங்கள் எவ்வளவு மின்சாரம் தரப்போகின்றன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, 96 துண்டுக்கும் தனித்தனியாக. சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள வித்தியாசம் எல்லை மீறினால் பணம் கட்ட வேண்டும். கிழக்கே மேகம் திரளும்போது வெயில் இறங்குவது அந்த நிமிடமே திரையில் தெரிந்தால்தான் அடுத்த துண்டுகளைத் திருத்தி அனுப்ப முடியும். நாளைக் காலைப் பென்டிரைவால் என்ன பயன்?

மாலையில் கம்பத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பைரனோமீட்டர். ஒன்று தரைக்கு மட்டமாக, இன்னொன்று பேனல்கள் சாய்ந்திருக்கும் அதே கோணத்தில். கண்ணாடிக் குவிமாடத்துக்குள் கறுப்புத் தட்டு. அது சூடாவதை வைத்து வெயிலை அளக்கும் கருவி. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் கொளுத்தினாலும் அது தருவது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட்தான். இவ்வளவு மெல்லிய சிக்னலை அரைக் கிலோமீட்டர் கேபிளில் இழுக்க முடியாது. அதனால்தான் லாகர் கம்பத்தடியிலேயே வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கேயே அளந்து, அங்கேயே எண்ணாக்கி, ஃபைபர் வழியாக எண்ணை மட்டும் அனுப்புகிறது.

செவ்வாய்

ஓபிசி சர்வரை லாகர் கம்ப்யூட்டரில் நிறுவியாயிற்று. லாகரோடு பேசும் மென்பொருள் கீழே, அதற்கு மேலே இந்தச் சர்வர், அதற்கு அப்பால் ஸ்காடா. லாகரின் மொழி ஸ்காடாவுக்குத் தெரியவேண்டியதில்லை. 1996க்கு முன்னால் ஒவ்வொரு ஸ்காடா நிறுவனமும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டிரைவர் எழுதிக்கொண்டிருந்தது. அந்த வருடம் வந்த ஓபிசி விதிமுறை, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பேச்சை வைத்தது.

சர்வரைத் திறந்தால் லாகருக்குள் இருக்கும் அட்டவணை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஸ்காடாவில் கொட்டிவிட ஆசை வரும். அதை அடக்கத்தான் இன்றைய பொழுது போயிற்று. ஆபரேட்டருக்கு வேண்டியது இந்த நொடி மதிப்பு. முன்கணிப்புக்கு வேண்டியது ஒரு நிமிடச் சராசரி. இரண்டையும் ஒரே பெயரில் விட்டால் ஆறு மாதம் கழித்து யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே பெயரிலேயே எழுதினேன்: எந்தக் கம்பம், எந்தக் கருவி, நொடியா சராசரியா. அலகைக் குறிப்புப் பகுதியில் எழுதினேன். லாகரின் பேட்டரி வோல்டேஜையும் சேர்த்தேன். வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் மற்ற எண்கள் கெடுவதற்கு முன் அது இறங்கும்.

லாகர் புரோகிராமில் ஒரு கவுன்டரும் வைத்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஸ்காடா எழுதும் கம்பெனியின் பையன், “இது எதுக்கு சார், இது எந்த ரிப்போர்ட்டுலயும் வராதே” என்றான். வெள்ளிக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

புதன்

லாகர் கம்ப்யூட்டர் ஒன்று, ஸ்காடா கம்ப்யூட்டர் வேறொன்று. பழைய ஓபிசி இரண்டுக்கும் நடுவே பேசுவது விண்டோஸின் டிகாம் வழியாக. இதில் பட்டவர்களுக்குத் தெரியும். சர்வரின் பெயர் தெரியும், டேக் (ஒவ்வொரு மதிப்புக்கும் வைத்த பெயர்) பட்டியல்கூட வரும், மதிப்பு மட்டும் வராது. அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒற்றை வரி. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் பயனர் இருக்க வேண்டும். 135ஆம் போர்ட்டில் கதவைத் தட்டி, பிறகு 49152க்கு மேல் எங்கோ ஒரு போர்ட்டில் போய்ப் பேசும். ஃபயர்வாலில் எதைத் திறந்து எதை மூடுவது? போதாததற்கு, டிகாமில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை விண்டோஸ் 2021இலிருந்து படிப்படியாக அடைத்து, 2023 மார்ச்சிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டை அணைக்கவே முடியாதபடி ஆக்கிவிட்டது. அடைத்தது சரிதான். அதற்குமுன் எழுதப்பட்ட கிளையன்ட்கள் பல, அந்த அளவு பாதுகாப்போடு பேசத் தெரியாமல் நின்றுபோயின. இங்கே இருக்கும் ஸ்காடாவும் அந்தக் காலத்தது.

ஃபயர்வாலை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. மின் நிலையத்தில் அதைச் செய்யக் கூடாது. நான் டிகாமை நெட்வொர்க்கிலேயே விடவில்லை. லாகர் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கேட்வே போட்டு, பழைய ஓபிசி அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் பேசும்படி செய்தேன். வெளியே போவது அதன் புதிய வடிவமான ஓபிசி யூஏ. ஒரே போர்ட், 4840. இரண்டு பக்கமும் சான்றிதழ் மாற்றிக்கொண்டு, ஒருவர் சான்றிதழை மற்றவர் நம்பப்பட்டவர் பட்டியலில் ஏற்றினால்தான் பேச்சு. ஸ்காடா பக்கம் யூஏ கிளையன்ட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மேலாளர் செலவுக்கு யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

முதல் முயற்சியில் சான்றிதழ் செல்லாது என்று வந்தது. ஸ்காடா கம்ப்யூட்டரின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கியிருந்தது. அதன் கணக்கில் இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தைச் சரிசெய்ததும் எண்கள் வந்து விழுந்தன.

வியாழன்

நேரம் இன்றைக்கும் விடவில்லை. காலையில் வரைபடத்தைத் திறந்தால், ஆறரை மணிக்கு உதித்த சூரியன் திரையில் பன்னிரண்டு மணிக்கு உதித்திருந்தது. லாகரின் கடிகாரம் நம் நேரத்தில் ஓடுகிறது. ஓபிசியில் நேரமுத்திரை எப்போதும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். லாகர் சொன்ன ஆறரையை யூடிசி ஆறரை என்று எடுத்துக்கொண்டு, ஸ்காடா ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டது. 15 நிமிடக் கணக்கில் 22 துண்டு தள்ளிப்போகும். அப்படியே முன்கணிப்புக்குப் போயிருந்தால்?

லாகரையே யூடிசிக்கு மாற்றிவிடலாம். ஆனால் அதன் கோப்புகளைப் படிப்பவர்கள் நம் நேரத்தில்தான் படிக்கிறார்கள். அதனால் லாகரைத் தொடாமல், சர்வரில் இந்த லாகருக்கு ஐந்தரை மணி வித்தியாசம் என்று குறித்தேன். கோடையில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் ஒருமுறை குறித்தால் போதும். பிளான்ட்டில் ஏற்கெனவே இருந்த ஜிபிஎஸ் கடிகாரத்தோடு எல்லாக் கம்ப்யூட்டரையும் லாகரையும் சேர்த்துக் கட்டினேன்.

வெள்ளி

இன்று செய்ததுதான் என் பார்வையில் இந்த வேலையின் உயிர். திரையில் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் கை குலுக்குவார்கள். எண் நின்றுபோனால் திரை என்ன சொல்கிறது என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பதினோரு மணிக்கு நல்ல வெயில். சாய்ந்த பைரனோமீட்டர் 812 காட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தடிக்குப் போய் லாகரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் 812. கால் மணி நேரம் கழித்தும் 812. ஒரு மேகம் பேனல்களின் மேல் கறுப்பாக நகர்ந்துபோனது. இன்வெர்ட்டர்களின் மின்சாரம் பாதியாக இறங்கியது. திரையில் பச்சை எழுத்தில் 812. இந்த எண்ணை வைத்துச் செயல்திறன் விகிதம் கணக்கிட்டால் வெயில் இருந்தும் பேனல்கள் வேலை செய்யவில்லை என்றுதான் வரும். பழுதே இல்லாத பேனல்களைச் சோதிக்க ஆள் அனுப்புவார்கள்.

ஓபிசியில் ஒரு மதிப்பு தனியாக வருவதில்லை. அதன் தரமும் நேரமும் கூடவே வரும். தேதி அச்சடித்த பால் பாக்கெட் மாதிரி. பழைய ஓபிசியில் தரம் 192 என்றால் நல்லது, 0 என்றால் கெட்டது. ஸ்காடாவில் மதிப்பை மட்டும் திரையோடு இணைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டிருந்தார்கள். அதை மட்டும் சரிசெய்தாலும் போதாது. லாகர் பேசாவிட்டாலும், நடுவில் இருக்கும் மென்பொருள் கடைசி மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது என்றே தருவதும் உண்டு. கவுன்டர் அதற்குத்தான். முப்பது நொடி அது நகராவிட்டால், அந்த லாகரின் எல்லா எண்ணும் சாம்பல் நிறமாக வேண்டும், அலாரம் அடிக்க வேண்டும். பையன் மதியத்துக்குள் எழுதிவிட்டான். இன்னொன்றும் சேர்த்தோம்: சென்சார் கம்பி அறுந்தால் லாகர் ‘எண் இல்லை’ என்று அனுப்பும், அதை ஸ்காடா பூஜ்யமாக எழுதிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் பூஜ்யம் வெயில்! இப்போது அதுவும் சாம்பல்.

கேபிளை மறுபடி செருகியதும் லாகர் தன் நினைவில் வைத்திருந்த நிமிடச் சராசரிகளை எல்லாம் கோப்பில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஸ்காடா வரைபடத்தில் மட்டும் அந்த நேரத்துக்கு ஒரு நேர்கோடு. நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது நிகழ்கால மதிப்பு மட்டும். விட்டுப்போனதைத் திரும்பிப்போய் அது வாங்காது. இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்து மேலாளருக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

சனி, இரவு

இரவு ஷிஃப்ட் அண்ணாச்சி கூப்பிட்டார். “தம்பி, கொஞ்சம் வாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெயில் மைனஸ் நாலுங்குது. கருவி போயிட்டு போல.”

“போகல அண்ணாச்சி. நல்லா இருக்கு, அதான் மைனஸ் காட்டுது.”

மேகமில்லாத இரவில் கண்ணாடிக் குவிமாடம் வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் உடம்பைவிடக் குளிர்ந்துபோகும். கறுப்புத் தட்டு குவிமாடத்துக்கு வெப்பத்தை இழக்கும். அதனால் சில வாட் கீழே போகும். அவரை வெளியே கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டினேன். குவிமாடத்தில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தார். “அப்ப பூஜ்யத்துலயே நின்னாத்தான் சந்தேகப்படணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை அவரே ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெட்டிவிடலாம் என்று ஸ்காடா கம்பெனி கேட்டிருந்தது. மூல எண்ணில் கை வைக்கக் கூடாது, ரிப்போர்ட்டுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு கணக்கு டேக் வைத்துக்கொள்ளட்டும் என்று பதில் அனுப்பினேன்.

திங்கள்

காலையில் அண்ணாச்சியையே கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். முப்பது நொடியில் எண்கள் சாம்பலாகி அலாரம் அடித்தது. மேலாளர் அச்செடுத்த இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். மாதாந்தரக் கணக்கை இனி லாகர் கோப்பிலிருந்தே எடுப்பது, ஸ்காடா எண் நேரடிப் பார்வைக்கும் முன்கணிப்புக்கும் மட்டும் என்று முடிவாயிற்று. அதை எழுத்தில் கேட்டார்; மதியம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வடக்கு மூலையில் நடப்போகும் இரண்டாவது கம்பத்துக்கும் இதே பெயர் முறை, இதே கவுன்டர் என்று கடைசி வரியில் சேர்த்தேன்.